கல்யாண சோபாவின் கால்கள்

எங்கள் வீட்டில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது என் கணவர் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. ஜனநாயகம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது, லீவுக்குக் கோயமுத்தூரா கோவாவா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பது நாலு பேர், அதில் மூன்று பேர் ஆண்கள். மழைக்காலம் வந்தால் புனேவுக்கு வெளியே இருக்கும் கடக்வாஸ்லா அணைக்குப் போய், தூறலில் நின்றபடி சுட்ட சோளம் தின்ன வேண்டும் என்று நான் வருடா வருடம் கை தூக்குவேன். வருடா வருடம் மால் ஜெயிக்கும். "மெஜாரிட்டி, மா" என்று சின்னவன் தோளைக் குலுக்குவான். அவனுடைய தமிழில் அந்தச் சொல் மட்டும் தடுமாறாமல் வரும்.

அதனால் நான் வேலைக்குப் போவதும் ஓட்டுக்கு வந்தது. பெரியவன் பிறந்தபோது கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனி ஆபீஸ் வேலையை விட்டவள் நான். பிறகு கணவருக்கு இங்கே புனேவுக்கு வேலை மாற்றம், ஔந்தில் ஃபிளாட், பள்ளிக்கூட வேன், டப்பா என்று காலம் ஓடிவிட்டது. போன வருடம் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பாணேரில் ஒரு சின்ன ஆபீஸில், படங்களைப் பார்த்து வகைப்படுத்த ஆள் தேவை, பொறுமை வேண்டும், முன் அனுபவம் வேண்டாம் என்று இருந்தது. பொறுமைக்கு என்னிடம் என்ன குறைச்சல்? போனேன், எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மூன்று கைகள் வேண்டாம் என்று உயர்ந்தன. சாயங்காலம் டிராஃபிக், பெரியவனுக்குப் பன்னிரண்டாவது, சின்னவனுக்கு டியூஷன். நான் அடம் பிடித்ததில் ஒரு சமரசம் ஆனது. மூன்று மாதம் சோதனைக்காலம். அதன் பிறகு ஆபீஸ் நிரந்தரம் ஆக்கினால் வீட்டில் மறுபடி ஓட்டு. ஆக்காவிட்டால் பேச்சே இல்லை.

ஆபீஸ் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது. வேலை இதுதான்: பிரான்ஸில் இருக்கும் ஒரு பழம்பொருள் கடை தன்னிடமுள்ள நாற்காலி, மேசை, அலமாரிப் படங்களை அனுப்பும். அது எந்தக் காலத்துப் பாணி என்று பார்த்து நாங்கள் குறிக்க வேண்டும். மேசைக்கு அடிப்பக்கம் உட்பட ஐந்தாறு கோணத்தில் படம் வரும். நாற்காலிக்கு முன்பக்கமும் பக்கவாட்டும்தான். எங்கள் டீம் லீடர் முப்பது வயதுப் பெண். கேம்ப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். திருநெல்வேலியும் இந்தியும் அவள் வாயில் ஒன்றாகப் புழங்கும். முதல் நாள் என்னை ஆண்ட்டி என்றாள். முறைத்தேன். மறுநாளிலிருந்து அக்கா ஆனேன்.

முதல் வாரம் முழுக்கப் பாடம். பிரான்ஸில் லூயி என்ற ஒரே பெயரில் ராஜாக்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள். பேர் வைப்பதில் அவ்வளவு சோம்பல். ஆபீஸில் பேரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்வோம். பதினாலு என்றால் நிமிர்ந்து உட்கார் என்று அதட்டுகிற நாற்காலி. உயரமான முதுகு, நேரான தடித்த கால், கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம். அந்த ராஜாவின் எதிரில் உட்கார அனுமதி கிடைப்பதே பெரிய பாக்கியமாம், சௌகரியத்தை யார் கேட்டார்கள்? அடுத்து பதினைந்து. குறுக்குச் சட்டம் காணாமல் போய்விடும். கால் மெல்ல வளையும், முதுகு தாழும், சிப்பியும் பூவும் கொடியும் விளிம்பெல்லாம் படரும். உட்கார்ந்து அரட்டையடிக்கச் செய்த நாற்காலி என்று பார்த்ததுமே தெரியும்.

அந்தச் சமயத்தில் நடந்த இன்னொரு மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. கைப்பிடியைத் தாங்கும் கட்டை அதுவரை முன்காலுக்கு நேர் மேலே நின்றது. பிறகு கொஞ்சம் பின்னால் தள்ளிப் போனது. காரணம் பெண்களின் பாவாடை. இரண்டு பக்கமும் அகலமாக விரியும் பாவாடையோடு உட்கார இடம் வேண்டுமே. ஒரு நாட்டின் நாற்காலிகள் எல்லாம் பெண்களுக்காக ஒதுங்கி வழிவிட்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் செருப்பு அலமாரியைக்கூட எனக்காக ஒரு சாண் நகர்த்த ஓட்டு விழவில்லை. இதை அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். அலமாரி அங்கேயேதான் இருக்கிறது.

பதினாறில் கால் திரும்ப நேராகிவிடும். ஆனால் பதினாலின் தடித்த கால் அல்ல, கீழே போகப் போக ஒடுங்கி, நெடுக வரிப்பள்ளம் ஓடும் கால். முட்டை வடிவ முதுகு, உச்சியில் ரிப்பன் முடிச்சு. மண்ணில் புதைந்து கிடந்த ரோமானிய நகரங்களைத் தோண்டியெடுத்த காலமாம், எல்லாருக்கும் பழைய ரோம் மேல் மோகம். அப்புறம் புரட்சி, ராஜாவுக்கே தலை போயிற்று, நாற்காலிகளும் அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டன. பிறகு ஒரு பேரரசர் வந்தார். கருஞ்சிவப்பு மரம், வெண்கலக் கழுகு, பெண் தலை வைத்த சிங்கம் என்று மிடுக்கு திரும்பியது. அதற்கும் பின்னால் ஸ்பிரிங் வைத்து, பொத்தான் தைத்து, குழிகுழியாக மெத்தை போட்டார்கள். அப்போது புதுப் பணக்காரர்கள் பழைய ராஜாக்கள் எல்லாரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதால் பதினைந்தையும் பதினாறையும் பார்த்துப் பார்த்துச் செய்து குவித்தார்கள். அவற்றுக்கு எங்கள் திரையில் 'பின்னாள்' என்று ஒரு கட்டம் உண்டு.

இன்னொரு கட்டமும் உண்டு, 'இடைக்காலம்'. பதினைந்து முடிந்து பதினாறு தொடங்கும் நேரத்தில் செய்தவை. கால் இன்னும் வளைந்தே நிற்கும், மேல்பகுதி மட்டும் புதுக் காலத்துக்கு மாறியிருக்கும். ராஜா மாறியதும் தச்சன் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை, பழகிய கை பழகியதைத்தான் செய்யும். நாற்பதைத் தாண்டி வேலைக்கு வந்த எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் தனிப் பிரியம்.

பாடம் சரிதான், விதிதான் வில்லங்கம். ஒரு படம் மூன்று பேருக்குப் போகும். மூவரும் தனித்தனியாகக் குறிப்போம். இரண்டு பேர் சொன்னது விடை. மூன்றாமவர் சொன்னது தப்பு என்று கணக்காகி அவருடைய ஸ்கோர் இறங்கும். வீட்டிலிருந்து தப்பித்து வந்தால் இங்கேயும் அதே கை தூக்கல். என்னோடு இருந்த மற்ற இருவரும், அப்போதுதான் காலேஜ் முடித்த ஒரு மராத்திப் பையனும் நாக்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும், நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். படம் வந்ததும் காலைப் பார்ப்பார்கள், வளைந்திருந்தால் பெரும்பாலும் பதினைந்து, அடுத்த படம். நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மேசை அலமாரிகளில் தகராறு இல்லை. நாற்காலிகளில்தான் வந்தது. வளைந்த கால், செதுக்கிய பூ, எல்லாம் பாடத்தில் சொன்னபடி இருக்கும். ஆனாலும் ஏதோ உறுத்தும். 'பின்னாள்' என்று குறிப்பேன். அவர்கள் இருவரும் பதினைந்து என்பார்கள். ஏன் அப்படிக் குறித்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதிகப்படியாக இருக்கிறது என்பேன். அதிகம் என்றால் எது அதிகம்? அதுதான் தெரியவில்லை. இரண்டாவது மாதம் முடிவதற்குள் என் ஸ்கோர் பாதாளத்துக்குப் போய்விட்டது.

லீடர் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு என்னைப் பிடிக்கும். பிடித்ததால்தான் அப்படிச் சொன்னாள்.

"அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கீங்க. உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாக்காதீங்க. அந்த ரெண்டு பேரும் என்ன போடுவாங்கன்னு பாருங்க, அதையே போடுங்க. இல்லைன்னா உங்களை நிரந்தரமாக்க என்னால முடியாதுக்கா."

ஒரு வாரம் அப்படியே செய்தேன். ஸ்கோர் மளமளவென்று ஏறியது. ஆனால் அந்த வாரம்போல நான் எந்த வாரமும் சலித்துப் போனதில்லை. படத்தைப் பார்க்கவே தேவையில்லை, அந்த இரண்டு பிள்ளைகளின் மனதைப் பார்த்தால் போதும். அடுத்தவர் மனதைப் படித்து அதன்படி நடக்கும் வேலையை வீட்டிலேயே சம்பளமில்லாமல் செய்கிறேனே, இதற்கு எதற்கு ரிக்‌ஷா பிடித்து இவ்வளவு தூரம் வர வேண்டும்? எனக்கு அழுகைகூட வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஒருவேளை என் கண்தான் சரியில்லையோ என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் லீடரின் தம்பிக்குக் கல்யாணம். கேம்பில் அவர்கள் சர்ச்சை ஒட்டிய ஹாலில் வரவேற்பு. குடும்பத்தோடு போனோம். கேக் வெட்டியாயிற்று, பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது, மேடையில் போட்டோவுக்கு நீண்ட வரிசை. நானும் கணவரும் பிள்ளைகளும் நின்றோம். வரிசை நகர்ந்து மேடையேறியபோதுதான் பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த சோபாவை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தேன். நம் ஊரில் எல்லா மேடையிலும் இருக்கும் அதே தங்கப் பூச்சு சோபாதான், அதே சிவப்பு வெல்வெட்தான். எத்தனை கல்யாணத்தில் பார்த்திருப்பேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

முதுகு பதினாலின் உயரம். கால் பதினைந்து. உச்சியில் பதினாறின் ரிப்பன் முடிச்சு, முடிச்சின் மேலேயே பேரரசரின் கழுகு இறக்கை விரித்து நிற்கிறது. வெல்வெட்டெல்லாம் பொத்தான் தைத்த குழிகள். பிரான்ஸின் இருநூறு வருடமும் புனே கேம்பில் ஒரே சோபாவில் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போலிருந்தது. பட்டுப்புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"ஏன் கண்ணு, என்ன விழுந்துருச்சு?" என்றார் என் கணவர்.

நான் பதில் சொல்வதற்குள், தோடு விழுந்துவிட்டது போல என்று பின்னாலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். பெண்ணின் அம்மா குனிந்தார். போட்டோகிராபர் விளக்கைத் தரைக்குத் திருப்பினார். மாப்பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டார். என் பெரியவன் மானம் போன முகத்தோடு மேடைக் கம்பளத்தைத் தடவினான். அத்தனை வெளிச்சமும் சோபாக் காலில் விழுந்ததில் நான் பார்க்க வேண்டியதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இடது காலின் பூவும் வலது காலின் பூவும் இதழுக்கு இதழ் ஒன்றே. இடதில் ஒரு இதழ் நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தது, வலதிலும் அதே இதழ், அதே மழுங்கல். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

என்னை உறுத்தியது இதுதான். கையால் செதுக்கிய பூக்கள் அக்கா தங்கை மாதிரி. ஜாடை இருக்கும், ஆனால் ஒன்று போலவே இன்னொன்று இருக்காது. அந்த நாற்காலிப் படங்களில் இரண்டு பக்கமும் ஒரே பூ. அப்புறம் அந்த அதிகப்படி. பதினைந்தின் தச்சனுக்கு, தனக்குப் பிறகு ரிப்பன் முடிச்சும் பொத்தான் மெத்தையும் வரப்போகின்றன என்று தெரியாது. எல்லாம் வந்து போன பிறகு வந்தவன்தான் எல்லாவற்றையும் அள்ளிப் போட முடியும். என் கண்ணில் பழுதில்லை. எத்தனையோ கல்யாண மேடை பார்த்துப் பழகிய கண், காரணம் சொல்லத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"தோடு ஒண்ணும் விழலீங்க, சோபாக் காலைப் பாத்தனுங்க" என்று எழுந்தேன். மேடை முழுக்க என்னைப் பார்த்தது. லீடர் மட்டும் என்னையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சலோ அக்கா, முதல்ல போட்டோ" என்று தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் போட்டோவில் நான் மட்டும்தான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து என் கண்ணுக்குத் தெரிந்ததையே குறித்தேன். ஸ்கோர் வந்த வழியே இறங்கியது. லீடரிடம் பூக்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவளுக்குக் கொஞ்சம் புரிந்தது. ஆனாலும் ரெண்டு பேருக்கு எதிரா ஒருத்தர் அக்கா, ரூல் அது, நான் என்ன செய்ய, என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விதியைப் போட்டவள் அவளில்லை.

சோதனைக்காலம் முடியும் வாரத்தில் பிரான்ஸிலிருந்து அந்தக் கடைக்கார அம்மாள் வீடியோவில் வந்தார். மாதம் ஒரு முறை வருவார். லீடர்தான் பேசுவாள், நாங்கள் மூவரும் பின்னால் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த அம்மாளுக்குப் பின்னால் கடை தெரிந்தது. நாற்காலிகள் நெருக்கியடித்து நின்றன. அவற்றில் ஒன்று நான் 'பின்னாள்' என்று குறித்துத் தோற்ற நாற்காலி. சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்த வாரத்தோடு வேலை போயிருக்கும், வீட்டில் ஓட்டும் தேவைப்பட்டிருக்காது. லீடர் பேச்சை முடிக்கப் போகும்போது, எனக்கு வந்த ஆங்கிலத்தில், மேடம், உங்கள் இடது பக்கம் இருக்கிற நாற்காலியைக் கவிழ்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். மராத்திப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். லீடர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தினார். பிறகு எழுந்து போய் நாற்காலியைத் தூக்கி மேசை மேல் தலைகீழாக வைத்து, டார்ச் அடித்து, கேமராவைக் கிட்டே கொண்டுபோனார். முதலில் தெரிந்தது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஒன்றும் சாட்சியில்லை, பழைய நாற்காலிக்கும் பின்னால் யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம். மரத்தைக் காட்டச் சொன்னேன். உள்பக்கச் சட்டத்தில், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தேய்க்காமல் விட்ட இடத்தில், வில் வில்லாக வளைந்த கோடுகள் இருந்தன. மேசைகளின் அடிப்பக்கப் படங்களில் நான் பார்த்துப் பழகியதுதான், மெஷினில் சுற்றும் வட்ட ரம்பம் விட்டுப் போகிற தடம். பதினைந்தின் காலத்தில் அந்த ரம்பம் நாற்காலித் தச்சர்களிடம் இல்லை. அந்த அம்மாள் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

பிறகு, வேறு எது எதில் சந்தேகம் என்று என்னைக் கேட்டார். லீடரையல்ல, என்னை. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். பெரும்பாலானவற்றில் அதே வளைந்த கோடுகள். ஒன்றில் மட்டும் நான் ஏமாந்தேன். வளைந்த காலும் ரிப்பன் முடிச்சும் சேர்ந்திருப்பதைப் பார்த்து அதையும் 'பின்னாள்' என்று குறித்திருந்தேன். கவிழ்த்தால் சட்டம் முழுக்கக் கை இழைப்புளியின் மேடு பள்ளம். அசல் இடைக்காலம். எனக்குப் பிரியமான கட்டத்திலேயே சறுக்கிவிட்டேன். நாக்பூர்ப் பெண் அதைச் சரியாகக் குறித்திருந்தாள், அவள் முகத்தில் அன்று ஒரு களை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, இனி நாற்காலிகளுக்கு அடிப்பக்கப் படமும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். யாராவது ஒருவர் தனியாக நின்றால், தப்பு என்று கணக்கு வைக்கும் முன்னால் அவரிடம் காரணம் கேளுங்கள் என்றும் லீடரிடம் சொன்னார். அழைப்பு முடிந்ததும் லீடர் என்னைக் கட்டிக்கொண்டாள். உயிர் போயிருச்சுக்கா என்றாள். என்னை நிரந்தரமாக்கினாள்.

அன்று ராச்சாப்பாட்டுக்குச் சப்பாத்தியும் குருமாவும். நிரந்தரம் ஆன விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள், அதில் பொய்யில்லை. சின்னவன் கைதட்டினான். பிறகு என் கணவர் வழக்கம்போல, "சரி, பேசின மாதிரி ஓட்டு எடுத்துரலாமா?" என்றார். பெரியவன் அதற்குள் கையைப் பாதி தூக்கிவிட்டான். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

"கையைக் கீழ போடு சாமி" என்றேன். "இத்தனை வருஷமா நான் ஒத்தைக் கையாத்தானுங்க தூக்கிட்டிருக்கேன். ஏன் தூக்குறேன்னு யாரும் ஒரு தடவையும் கேட்டதில்ல."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கணவர் சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தார். கடக்வாஸ்லாச் சோளம் அவர் கணக்கில் வந்ததோ என்னவோ.

"கேட்டதில்லதான்" என்றார். "சரி, இப்பச் சொல்லு. அந்த வேலை எதுக்கு வேணும் உனக்கு?"

சொல்ல எத்தனையோ இருந்தது. எனக்கு முதலில் வந்தது ஒன்றுதான்.

"அங்க நான் ஒண்ணு சொன்னா, திருப்பிப் போட்டுப் பாக்கறாங்க."

பெரியவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். அந்த நாற்காலிக்கு அடியில் அப்படி என்னம்மா இருந்துச்சு என்று தடுமாறித் தடுமாறிச் சின்னவன் தமிழிலேயே கேட்டான். நான் ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பித்தேன். ரம்பக் கோடு, அச்சில் வார்த்த பூ, பெண்களுக்காகப் பின்னால் நகர்ந்த கைப்பிடி வரைக்கும் வந்தபோது குருமா ஆறி ஏடு கட்டிவிட்டது. ஓட்டு எடுக்க வேண்டும் என்பது அன்று யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், செருப்பு அலமாரி ஒரு சாண் தள்ளி நின்றது.